வருகைப் புத்தகத்தில் மூன்று வரி

ஆசிரியர் சுற்றுலாவில் அந்தப் பண்ணைவீட்டைச் சேர்க்கச் சொன்னவன் நான்தான். காலையில் கோட்டை, பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மத்தியானத்துக்குப் பின் நிலாவெளி வீதியில் ஒல்லாந்தர் காலத்துப் பண்ணைவீடு என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்கூட அதிபரிடம் கொடுத்தேன். புதிதாக வந்த வாத்தியாருக்குச் சரித்திரத்தில் இவ்வளவு பற்றா என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குச் சரித்திரம் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் ஒரு வருகைப் புத்தகம் இருந்தது. அதில் எழுதவேண்டியதைப் பன்னிரண்டு வருடமாக மனதில் வைத்திருந்தேன்.

என் அப்பா அந்தப் பண்ணையில் பதினாறு வருடம் மாடு பார்த்தவர். எனக்கு எட்டு வயதானபோது, மகனைக் கன்று மேய்க்க அனுப்பச் சொல்லிப் பண்ணை வீட்டுக்காரர் கேட்டார். அவன் பள்ளிக்கூடம் போகிறான் என்று அப்பா சொல்லிவிட்டார். அங்கே அவர் மறுத்துச் சொன்ன ஒரே சொல் அதுதான். அடுத்த கிழமை வேலை போயிற்று. போகும்போது வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"இதைக் காட்டு. எங்கையும் வேலை தருவாங்கள்."

அப்பா அதை அரிசிக் கூப்பன் புத்தக உறைக்குள் பத்திரமாக வைத்து, சாம்பல்தீவிலிருந்து இறக்கக்கண்டி வரை தோட்டம் தோட்டமாகக் காட்டினார். டவுனில் நெல் ஆலையிலும் காட்டினார். வாசித்தவர்கள் ஒரு மாதிரிச் சிரித்து, இப்போது வேலை இல்லை என்றார்கள்.

"கடிதம் பெரிசு. அவங்களிட்ட இருக்கிற வேலை சின்னன். தர வெக்கப்படுறாங்கள்" என்று அம்மாவுக்கு விளக்கம் சொன்னார். கடைசியில், கடிதம் கேட்காத இடமாகப் பார்த்து, துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்.

பதின்மூன்று வயதில், ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டதும், அதை எடுத்து வாசித்தேன். இதைக் கொண்டுவருபவன் நம்பத்தக்கவன் அல்லன், நான் இவனைத் துரத்திவிட்டேன், நீங்களும் அதையே செய்யுங்கள் என்று இருந்தது.

"என்னடா எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

"நல்லா எழுதியிருக்கு அப்பா."

வேறென்ன சொல்வது? ஊரெல்லாம் அதை நீட்டியவர் அவர்.

வீட்டுக்காரர் கொழும்பில் ஆங்கிலத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. தமிழில் வரும் கடிதங்களைக் கணக்கப்பிள்ளைதான் வாசித்துக் காட்டுவார் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தக் கணக்கப்பிள்ளை செத்துப்போனார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் நான் சுற்றுலாத் தாளை எழுதினேன்.

வீட்டுக்காரர் என்னை அடையாளம் காணவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னால் கைத்தடியை ஊன்றி நடந்தார்.

"இந்தச் சுவரைப் பாருங்கோ. ரெண்டு முழ அகலம். பவளக்கல்லும் சுண்ணாம்பும். இப்ப ஒருத்தராலயும் கட்ட ஏலாது."

மாட்டுக்கொட்டிலைத் தாண்டும்போது, "வேலைக்காரரை நாங்கள் வீட்டாக்கள் மாதிரித்தான் வச்சிருந்தனாங்கள்" என்றார். அப்பா படுத்த மூலையில் இப்போது விறகு அடுக்கியிருந்தது. பதினாறு வருடத்தில் ஒரு நாளாவது அவர் அந்த விறாந்தையில் ஏறியதில்லை. நான் ஏறி, கதிரையில் அமர்ந்து, தேநீர் குடித்தேன். பிறகு புத்தகம் வந்தது. தோல் அட்டை போட்டது. நீதவான்மாரும் டாக்குத்தர்மாரும் ஆங்கிலத்தில் புகழ்ந்திருந்தார்கள். நான் தமிழில் எழுதினேன்.

"பார்க்க வருவோர் கவனத்துக்கு: இவ்வீட்டின் சொந்தக்காரர் நம்பத்தக்கவர் அல்லர். பதினாறு வருடம் தம் மாடுகளைப் பார்த்தவரின் கையில், அவரால் வாசிக்க முடியாத மொழியில் பொய் எழுதிக் கொடுத்து அனுப்பியவர். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுங்கள்."

"தமிழிலயோ?" என்றார் வீட்டுக்காரர். "கதைக்கத்தான் வரும், எழுத்து ஓடாது. வாசியும் தம்பி, கேப்பம்."

அதையும் நான் யோசித்து வைத்திருந்தேன். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இவ்வீட்டின் சுவர்களைப் போலவே இதன் சொந்தக்காரரின் மனமும் அகலமானது."

"சுவரைப் போல மனம். நல்லாச் சொன்னீர்" என்று அவர் கண்ணை மூடிச் சுவைத்தார்.

அடுத்துக் கையொப்பமிட வந்தவர் அதிபர். அவர் குனிந்து வரி வரியாக வாசித்தார். என் நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இது உண்மையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் சேர். என்ர அப்பா."

பேனையைத் திறந்து, பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் எழுதுவதுபோல, "மேற்படி விபரம் சரியானதென உறுதிப்படுத்துகிறேன்" என்று எழுதி, பதவியோடு ஒப்பமிட்டார்.

"நீங்கள் என்ன எழுதினீங்கள்?" என்றார் வீட்டுக்காரர்.

"மாஸ்டர் எழுதினது சரியெண்டு எழுதினனான்."

பின்னால் நின்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வாசித்துக் கையொப்பமிட்டார்கள். சங்கீத ரீச்சருக்குத் தேநீர் புரைக்கேறியது. வீட்டுக்காரர் எல்லோருக்கும் கைகொடுத்தார்.

பஸ்ஸில் அதிபர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "உம்மட நியமனத்துக்கு நான் இங்கிலீசிலதான் கடிதம் எழுதவேணும். வாசிச்சுப் பார்த்திட்டுக் கொண்டுபோய்க் குடும்."

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "ஐயா சுகமா இருக்கிறாரோ? என்னை விசாரிச்சவரோ?"

"ஓம், விசாரிச்சவர்."

"பாத்தியே" என்று அம்மாவிடம் திரும்பினார். "மறக்கமாட்டார் எண்டு சொன்னனான்."

செய்ததை அவருக்குச் சொல்ல முடியாது. சொன்னால் கடிதத்தில் இருந்ததையும் சொல்லவேண்டும். அந்த மனிதர் வேலையைப் பறித்ததோடு என் அப்பாவின் நன்றியையும் வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வரி அதற்குப் போதவில்லை.

அடுத்த பள்ளித் தவணையில் மாணவர் சுற்றுலாவுக்கு இடம் கேட்டார்கள். நான் அதே பண்ணைவீட்டை எழுதிக் கொடுத்தேன். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எல்லோரும் தமிழ் நன்றாக வாசிப்பார்கள்.