அம்மையப்பன் தண்ணீர் ஊற்றிய மூன்று நாடுகள்

அறந்தாங்கிப் பக்கத்து அம்மையப்பன் தினமும் காலை ஐந்தரைக்கு அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் பஸ் ஏறி, ஆறேகாலுக்கெல்லாம் இத்தாலியில் இறங்கிவிடுவார். துபாயில் கடலே கண்ணில் படாத ஒரு வில்லாக் குடியிருப்புக்குள் அவருடைய கம்பெனி 'மத்தியதரைக் கடற்கரைத் தோட்டம்' என்று ஒன்றைப் போட்டிருந்தது. வாசலில் இத்தாலி, நீரூற்றைத் தாண்டினால் கிரீஸ், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஸ்பெயின். மூன்று நாட்டுக்கும் ஒரே ஹோஸ் பைப், ஒரே அம்மையப்பன்.

கப்பலில் வந்த ஆலிவ் மரங்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. கிரீஸில் நட்ட ஊதாப் பூ லாவண்டருக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ஜூலை வெயிலில் கிரீஸ் முழுக்கக் கருகிப் போயிற்று.

மேனேஜர் விஜயபாஸ்கர் கோயம்புத்தூர்க்காரர். இல்லை என்பதைக்கூட 'அண்ணா' போட்டுத்தான் சொல்லுவார்.

"அண்ணா, நவம்பர்ல டூர் ஆரம்பம். கைடு வெச்சு ஆளுங்களக் கூட்டிட்டு வர்றோம். கிரீஸ்ல ஊதாப் பூ இருந்தே ஆகணுங்ணா. புதுச் செடிக்கு பட்ஜெட் மாஃபி, சுத்தமா இல்லீங்ணா."

"அப்ப என் லீவு, சார்?"

"டூர் நல்லபடியா முடியட்டும். அன்னிக்கே கையெழுத்து. சொதப்புச்சுன்னா மொத்தமா ஊருக்கே போயிரலாங்ணா."

மகள் சங்கீதாவுக்குத் தை மாதம் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் போயாக வேண்டும். மூன்று வருஷமாக ஊர்ப் பக்கமே போகாத மனுஷனுக்கு அந்த ஒரு கையெழுத்துதான் உலகம்.

கேம்பில் எல்லாரும் உடம்புச் சூட்டுக்குச் சப்ஜா விதையை ஊறவைத்துக் குடிப்பார்கள். கௌஸ் முகைதீன் பாய் கடையில் வாங்கிய பாக்கெட்டில் மிச்சம் கிடந்ததை, செப்டம்பர் கடைசியில், கருகின கிரீஸில் தூவிவிட்டார் அம்மையப்பன். சப்ஜா முளைத்தால் திருநீற்றுப்பச்சிலை என்பது அவர் ஊரில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. படித்தவர்கள் பாவம், எத்தனையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்! நவம்பரில் தளதளவென்று நின்றது, லேசான ஊதாப் பூவோடு.

டூர் அன்று கைடு ரிஷி, வைக்கோல் தொப்பியும் காதோர மைக்குமாக வந்தான். துபாயிலேயே வளர்ந்த பிள்ளை. ஆலிவ் மரத்தை நேரில் பார்த்தே அன்றோடு ரெண்டு நாள்தான் ஆகிறது. இத்தாலியைப் பத்து நிமிஷத்தில் முடித்து, கிரீஸுக்குள் நுழைந்ததும், "லாவண்டர்!" என்று கையை விரித்தான்.

கூட்டத்தில் நிஜமாகவே இத்தாலியிலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தாள். குனிந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். விஜயபாஸ்கர் அம்மையப்பனைப் பார்த்தார். கல்யாணம், கையெழுத்து எல்லாம் அந்த அம்மாளின் மூக்கு நுனியில் நின்றன.

"பேசில்!" என்று கத்தினாள் அவள். திருநீற்றுப்பச்சிலைக்கு இங்கிலீஷில் அதுதான் பேர். எங்கள் ஊர்ச் சமையலே இது இல்லாமல் நடக்காது, இங்கேதான் ஒரு நிஜமான செடியைப் பார்க்கிறேன் என்று ரிஷியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரிஷி பெருந்தன்மையோடு தலையாட்டி ஏற்றுக்கொண்டான். ஆளுக்கொரு கொத்துக் கிள்ளி, வீடியோ எடுத்து, அங்கேயே ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

டூர் முடிந்ததும் விஜயபாஸ்கர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "கலக்கிட்டீங்ணா! மார்ச் வரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும் புக்கிங் ஃபுல்."

அம்மையப்பன் லீவுப் பேப்பரை நீட்டினார்.

"இதென்னங்ணா, இப்பப் போய்! இந்தச் செடியோட பக்குவம் உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? சீசன் முடியட்டும், ஏப்ரல்ல ரெண்டு மாசமா எடுத்துக்கங்க. கல்யாணத்த இப்பெல்லாம் லைவ்லயே காட்டறாங்க."

சொதப்பியிருந்தால் தை பிறக்குமுன்னே ஊரில் இருந்திருப்பார். ஒழுங்காக வேலை பார்த்ததற்குத்தான் இந்தத் தண்டனை. விதை தூவிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவருக்கு.

திரும்பும் பஸ்ஸில் மகளுக்கு போன் போட்டார்.

"தாயி, லீவு விஷயமா..."

"தெரியும்ப்பா. பத்திரிகை போன வாரமே அடிச்சாச்சு. தாரை வார்க்க சித்தப்பாவும் சித்தியும்தான். நீங்க எங்க வரப் போறீங்க? வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

அவள் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.