வலப்பக்கம் எடுக்காத படம்

அக்கா வெல்டர். கப்பல் கட்டும் தளத்தில் அவளுடைய பெயரைவிட எண்தான் அதிகம் புழங்கும்: பதினேழு. ஒவ்வொரு இணைப்பின் ஓரத்திலும் அந்த எண்ணைச் சுத்தியலால் அச்சடித்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

இப்போது கட்டுவது ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பல். ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் அதில் குடியிருப்பார்கள். அதன் அடித்தட்டில், ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி உட்காரும் குழியைச் சுற்றி அக்கா பற்றவைத்தாள். குனிந்தே இருக்கவேண்டிய இடம். ஒரு மாலை புழுக்கம் தாங்காமல், பற்றவைக்கும் ராடுகளை ஈரம் ஏறாமல் சூடாக வைக்கும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மின்விசிறியைச் செருகினாள். பிறகு மறந்தே போனாள். மறுநாள் அதே ராடுகளால் குழியின் வலப்பக்கம் ஒரு கை நீளம் இணைப்பு ஓட்டி முடித்துக் கையுறையைக் கழற்றியபோதுதான் பெட்டி சில்லென்று இருந்தது தெரிந்தது. ஈரம் ஏறிய ராடு இரும்புக்குள் ஊசிமுனைத் துளைகளை விட்டுவிடும். மேலே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும்.

சோதனை அறையில், பற்றவைத்த இணைப்புகளின் எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைப்பது என் வேலை. அன்று இரவு வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"குழிக்கு வலப்பக்கம் படம் எடுத்தாங்களாடா?"

"பத்துல ஒரு இடம்தானே எடுப்பாங்க. உன்னோடது இடப்பக்கம் எடுத்தாங்க. பாஸ்."

அவள் பெட்டிக் கதையைச் சொன்னாள்.

"பேசாம இரு அக்கா. ஒம்பது வருஷ கான்ட்ராக்ட். திங்கக்கிழமை நிரந்தரப் பட்டியல் வருது."

"நீ வாயைத் திறக்கறதே வருஷத்துக்கு ரெண்டு தடவை. அதுல ஒண்ணை இதுக்கா செலவழிக்கணும்?" துலக்கிய தட்டையே மறுபடி துலக்கினாள்.

வெள்ளிக்கிழமை கப்பலை மிதக்கவைக்கத் தளத்துக்குள் தண்ணீர் விடுவதாக இருந்தது. வியாழன் காலை சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். படக்கட்டோடு நானும் பக்கத்தில் நின்றேன்.

"பாஸ் ஆனதைப் போய்க் கிளறுவாங்களா? வம்பை வீடு தேடிப் போய்க் கூட்டிட்டு வர்றியேம்மா."

"படம் எடுக்காத இடம்ணே."

"அறுத்தா நாலு நாள் தள்ளிப்போகும். மேல யார் பதில் சொல்றது? போ, வேலையைப் பாரு."

போனாள். பத்து நிமிடத்தில் அடித்தட்டிலிருந்து கிரைண்டர் சத்தம் கேட்டது. அவர் ஓடினார், பின்னாலேயே நான்.

முதல் சாண் சுத்தமாக இருந்தது. "பாத்தியா? உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்ட" என்றார். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது சாணின் முடிவில் மூன்று துளைகள், கடுகு வெடித்த மாதிரி. அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்றார் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே.

தண்ணீர் விடுவது தள்ளிப்போனது. அனுமதியில்லாமல் அறுத்ததாக அக்கா மேல் குறிப்பு எழுதினார்கள். திங்கட்கிழமைப் பட்டியலில் பதினாறுக்கு அடுத்து பதினெட்டு இருந்தது. இரவு வீட்டில் அக்கா பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். பட்டியலைப் பற்றிக் கேட்கவில்லை.

"வலப்பக்கம் திரும்ப ஓட்டினேனே, படம் வந்துச்சா?"

"வந்துச்சு. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை."

"நாளைக்கு இன்னொரு தடவை பாரு" என்று தட்டை எடுத்தாள்.