நாமா, நாங்களா?

கல்யாணமான முதல் வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் இங்கிலீஷில்தான் குடித்தனம் நடத்தினோம். அதுவும் தபாலில். அவர் மதுரையில் குமாஸ்தா. கோரிப்பாளையத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். நான் பேரையூர்ப் பக்கம் மாமனார் வீட்டில் இருந்தேன். "ஒரு வீடு பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தாலி கட்டிய வாரமே சொல்லிவிட்டுப் போனவர். பருத்தி எடுத்து முடித்தோம், காய்ந்த செடியின் மார்க்கட்டையும் பிடுங்கிப் போட்டோம், வீடு மட்டும் அமையவில்லை.

இங்கிலீஷுக்கு வருவோம். அவர் இலாகா பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அதில் ஆங்கிலத் தாளில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார். என்னோடு எழுதிப் பழகினால் கை வரும் என்றார். எனக்கு வேறு காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் தமிழில் வரும் கடிதம் ஊர்ச்சொத்து. மாமனார் சத்தமாகப் படிப்பார், மாமியார் வரிக்கு வரி பதில் சொல்வார். புதுசாகக் கல்யாணமானவர்கள் அதில் என்னத்தை எழுதுவது?

நான் பத்தாவது பாஸ். அவரும் ஒன்றும் புலி இல்லை. பஸ் ஸ்டாண்டில் விற்ற இலக்கணப் புத்தகத்தில் ஆளுக்கொன்று வைத்திருந்தோம். என் கடிதத்தை அவர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார், அவருடையதை நான் திருத்துவேன். ஒருமுறை மாடு கன்று போட்ட சேதியை 'தி கௌ புட் எ காஃப்' என்று எழுதிவிட்டேன். 'வேர் டிட் இட் புட்?', எங்கே போட்டது என்று ஓரத்தில் கேட்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! அவர் கடிதத்தில் இருந்த ஆறு பிழைகளையும் வட்டம் போட்டு, நம்பர் போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

ஆனாலும் அந்த பாஷை எனக்குப் பிடித்துப்போனது 'யூ' என்கிற ஒரு வார்த்தையால்தான். அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. நேரில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசியவள், காகிதத்தில் 'யூ ஆர் லேஸி' என்று எழுதினேன். எழுதிவிட்டு, 'நீ சுத்தச் சோம்பேறி' என்று மனசுக்குள் படித்துக்கொண்டேன். அன்றைக்கெல்லாம் வேலை செய்ததே தெரியவில்லை.

அப்புறம் 'வீ' வந்தது.

ஆடி மாசம் ஒரு கடிதம். பரீட்சை, வெயில், சளி எல்லாம் விலாவாரியாக எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டே வரி. பழங்காநத்தத்தில் ஒரு வீடு கிடைத்துவிட்டது. 'வீ ஆர் ஷிஃப்டிங் இன் ஆவணி.' ஆவணியில் குடிபோகிறோம்.

போகிறோம் சரி, யார் போகிறோம்? அவருடைய அண்ணன் குடும்பத்தையும் அந்த வீட்டின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லியிருந்தார். அவர்களும் வீடு தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணன், மதினி, பிள்ளைகள், கூட அவர் என்றால் அது 'நாங்கள்'. அப்படியென்றால் நான் அடுத்த பருத்தி வரைக்கும் இங்கேயேதான். அவரும் நானும் என்றால் அது 'நாம்'. தமிழில் எழுதியிருந்தால் ஒரு சொல்லில் தெரிந்திருக்கும். புத்தகத்தைப் புரட்டினேன். 'வீ: நாம், நாங்கள்' என்று போட்டிருந்தது. நடுவில் இருந்த அந்தக் கமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கை மொத்தமும் அதில் வந்து மாட்டிக்கொண்டது.

"என்னத்தா எழுதிருக்கான்?" என்றார் மாமியார்.

"வீடு கெடச்சிருச்சாம், அத்தை."

"யாருக்கு?"

"அது எழுதலை."

"ரெண்டு பக்கத்துக்கு இம்புட்டு எழுதிருக்கான், யாருக்குன்னு எழுதலையா?"

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தொழுவத்துக்குப் போய் அழுதேன்.

உடனே கேட்டு எழுதவும் ரோஷம் விடவில்லை. 'நாங்கதான், நீ இல்லை' என்று பதில் வந்தால்? எப்போது கிளம்பலாம் என்று இவள் மூட்டை கட்டிவைத்திருந்தாள் என்றல்லவா ஆகிவிடும்? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை. 'ஹூ இஸ் வீ?' என்று எழுதினேன், இலக்கணம் உதைத்தது. 'ஹூ ஆர் வீ?' என்று மாற்றினேன். 'நாம் யார்?' என்று காவி கட்டியவர் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது. அதையும் அடித்தேன். கடைசியில் புத்தகத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, வந்தபடி எழுதினேன்.

'ஆம் ஐ இன்சைட் யுவர் வீ?'

உன் 'வீ'க்குள் நான் இருக்கிறேனா? வேறு ஒரு வரி எழுதவில்லை. ஒட்டி அனுப்பிவிட்டேன்.

எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் என்னைக் கூப்பிடாமல் மாமியாரைக் கூப்பிட்டார். அவர் கையில் இருந்தது தபால் கார்டு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தும் விட்டிருந்தார்.

"மதுரையிலருந்து உங்க மகன் கார்டு போட்டிருக்கார். தமிழ்ல ஒத்த வார்த்தைதான். 'நாம'ன்னு எழுதி, அடியில செவப்பு மையில ரெண்டு கோடு இழுத்திருக்கார்."

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாவது ஒன்றாவது, கண்ணீர் கடகடவென்று இறங்கியது. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கார்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருக்குன்னு அன்னைக்குக் கேட்டேன்ல, அதுக்கா இது?"

தலையாட்டினேன்.

"இதைச் சொல்றதுக்கு எதுக்குத்தா இங்கிலீசு?" என்றார். பரணில் இருந்த என் டிரங்குப் பெட்டியை இறக்க ஏணியை எடுக்கப் போனார்.