எடைமேடையில் ஒரு குரல்

புதுச்சத்திரம் எடைமேடையில், சோளம் ஏற்றிய லாரி ஒன்றை எடை போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. நல்லசாமி அண்ணனின் மகள். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…" ரசீதை டிரைவரிடம் நீட்டிவிட்டு, எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அண்ணனின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

சேந்தமங்கலத்துக்காரரான அவரும், சூரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் நானும் இந்தச் சின்ன அறையில் பல வருடங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். எடையைப் பதிந்து ரசீது அடிப்பது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதை இயக்கும் ஓஎஸ்ஸைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள்; அண்ணன் கைவிடவில்லை.

நான் சேர்ந்த வருடம், ஆயுத பூஜைக்கு மறுநாள், அது உயிர் வருவதும் உடனே அணைவதுமாக இருந்தது. பவர் பட்டனில் நான் அப்பிய சந்தனம் காய்ந்து, பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் ஊக்கு முனையால் சுரண்டி எடுத்தார். "பொட்டு வெச்சது தப்பில்லீங்க சாமி. கண்ணுலயே வெச்சுப் போட்டீங்க, அதானுங்க" என்று சிரித்தார்.

என் மனைவி இறந்து, நான் வேலைக்குத் திரும்பிய காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். வழக்கமான இசைக்குப் பதிலாக அண்ணனின் குரல் வந்தது: "வாங்க சாமி, சாப்டீங்களா?" தன் குரலைப் பதிந்து வைத்திருந்தார். "ஊட்டுல கேக்க ஆளில்லீங்கல்ல. இங்கயாச்சும் ஒருத்தரு கேக்கட்டும்" என்றார். அன்று அழுதுவிட்டேன். அதன்பின் அந்தக் குரலுக்காகவே சீக்கிரம் வரத் தொடங்கினேன். என்னை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை.

அண்ணனின் காரியம் முடிந்து வந்து பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. ஏதோ ஃபைலைக் காணவில்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது. நாமக்கல்லிலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். சாமி படத்தருகே அண்ணன் பத்திரப்படுத்தியிருந்த, அந்த ஓஎஸ் உள்ள பழைய சீடியைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"படிக்க மாட்டேங்குதுங்க. மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்திரலாமுங்க."

"அழிச்சா அந்தக் குரலும் போயிருமுங்களா?"

"எல்லாமே போயிருமுங்க."

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. "அழிச்சுப் போடறது சுலுவுங்க. எது படுத்துக்கிச்சோ அத மட்டும் எழுப்போணும்" என்பார் அண்ணன். சீடியை வாங்கித் திருப்பினேன். பளபளக்கும் பக்கத்தில் காய்ந்த சந்தனம். பட்டனில் வைக்கக் கூடாது என்று தெரிந்ததிலிருந்து, ஆயுத பூஜைக்கு நான் சீடிக்குத்தான் பொட்டு வைக்கிறேன். கடைசியாக வைத்தபோது பக்கம் பார்க்காமல் வைத்திருக்கிறேன்.

ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தேன். படித்தது. கெட்டுப்போன ஃபைல்களை மட்டும் மாற்றச் சொன்னேன். ஓடி முடியும்வரை அண்ணனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

திரையில் வெளிச்சம் வந்தது. "வாங்க சாமி, சாப்டீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் இல்லீங்கண்ணா. எடை போட்டுட்டுத்தானுங்க." அண்ணனை அவர் பார்த்ததுகூட இல்லை. தன்னைத்தான் கேட்டதாக நினைத்துக்கொண்டார். அவர் லாரியின் எடையைப் பதிந்து ரசீது அடித்துக் கொடுத்தேன்.

லாரிகள் எல்லாம் போனபின், அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே குரல், அதே கேள்வி. இந்த முறை நான் பதில் சொன்னேன். "இல்லீங்கண்ணா. நீங்க போனதுலருந்து சோறு எறங்கலீங்க."

போய் வாருங்கள், அண்ணா. நாளைக் காலையிலும் கேளுங்கள்.