ரந்தாவில் ஒரு ஜோடிப் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம். ரந்தாவ் ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாட்டுக் கச்சேரி நடக்கும் என்று நான் தங்கியிருக்கும் சிரம்பான் விடுதியில் சொன்னதைக் கேட்டு, பேருந்து ஏறி வந்திருக்கிறேன். நானும் கணவரும் சேர்ந்து வர நினைத்த பயணம் இது. அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. திருச்சியிலிருந்து மலேசியாவுக்கு நான் மட்டும் கிளம்பி வந்தேன்.

நான் வாங்கிய மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ், நல்ல காரம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். என் மேசையின் மற்ற நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எடுத்துப் போய்விட்டார்கள்.

இதுவரை கடை முன்னால் பாடிக்கொண்டிருந்தவர், லாரி ஓட்டுநராம், மைக்கோடு என்னிடம் வருகிறார்.

“அக்கா, அடுத்தது ஜோடிப் பாட்டு. கூடப் பாடுறவங்களுக்கு இன்னிக்கு செனாவாங் ஃபேக்டரில ஷிப்ட்டு. நீங்க வாங்க லா.”

“எனக்குப் பாட்டெல்லாம் வராது, தம்பி.”

“மேசையில தாளம் போட்டீங்களே, பார்த்தேன்.”

எழுந்து பாடுகிறேன். முதல் வரியில் குரல் நடுங்குகிறது. சரணத்துக்குள் சரியாகிவிடுகிறது. கடையே கைதட்டுகிறது.

“போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டோம் அக்கா. உங்க வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க, அனுப்பி விடுறேன்.”

“அவர் இப்ப இல்ல, தம்பி.”

ஓட்டுநர் மைக்கைத் தாழ்த்துகிறார். “அப்ப உங்களுக்கே அனுப்புறேன், அக்கா.”

அவர் அனுப்பிய பாட்டைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றாகவே பாடியிருக்கிறேன். யாருக்காவது அனுப்பலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போகிறேன். கடைசிப் பெயரும் வந்துவிடுகிறது. யாருக்கும் அனுப்பாமல், பாட்டை மறுபடியும் முதலிலிருந்து வைக்கிறேன்.