தமிழைத் தொட்டதும் நின்றுபோன திரை

நான் வேலை பார்க்கும் கம்பெனி மைசூரில் அக்ரஹாரத்துப் பக்கம், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. சொட்டு நீர்க் குழாய் போடுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் ஒரு புரோகிராமைச் செய்கிறோம். நிலத்தின் எல்லையை விரலால் இழுத்துக் காட்டி, கிணறு எங்கே, மோட்டார் எவ்வளவு பெரியது என்று சொன்னால் போதும். எந்தக் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும், கடைசிச் செடிவரை தண்ணீர் போய்ச் சேருமா என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். முன்பு இது குழாய்க் கடைக்காரர்களின் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது. விவசாயி தன் போனிலேயே, எதையும் இன்ஸ்டால் செய்யாமல், பிரௌசரில் திறந்து பார்க்கட்டும் என்று பிறகு முடிவாயிற்று. சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்த அந்தப் பழைய புரோகிராமை பிரௌசருக்குள் ஓடும் வடிவத்துக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, கொடுப்பது என் வேலை.

அப்பாவுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. அவருக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர். சின்ன வயதிலேயே காட்டில் விவசாய வேலையை விட்டுவிட்டு மைசூருக்கு ஆலை வேலைக்கு வந்தவர், இப்போது ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். முடி வெட்டுகிறவர், பக்கத்து வீட்டுக்காரர், தேவராஜ மார்க்கெட்டில் பழம் விற்கும் அம்மா என்று எல்லாரிடமும், தன் பெண் போனிலிருந்தே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். தண்ணீர் பாயாது, படம்தான் வரும் என்று ஒரு நாள் மார்க்கெட்டில் வைத்தே திருத்தினேன். பழக்கார அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா சிரித்துச் சமாளித்தார். ஏன் திருத்தினோம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

முதல் அவமானம் ஹனூரில் நடந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அங்கேயே மஞ்சள் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பேத்திக்குக் காது குத்து. பந்தி முடிந்து ஆண்கள் பந்தலுக்கடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார். சித்தப்பாவின் போனில் அதைத் திறந்து காட்டச் சொன்னார். நான்கைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்தார்கள்.

திரை வெள்ளையாகவே இருந்தது. நடுவில் வட்டம் மட்டும் சுற்றியது.

"இப்ப வந்துரும்" என்றார் அப்பா. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னார். போன் சூடாகிவிட்டது என்று சித்தப்பா கை மாற்றிப் பிடித்தார். ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். கடைசியில் பிரௌசரே தானாக மூடிக்கொண்டது. இங்கே சிக்னல் எப்போதுமே இப்படித்தான் என்று ஒருவர் எங்களுக்காகப் பேசினார். சித்தி வந்து பாயசம் இன்னும் இருக்கிறது என்றாள். எல்லாரும் அவசரமாகப் பாயசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கொள்ளேகால் வரைக்கும் அப்பா டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். அங்கே கொஞ்சம் கூட்டம் இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, நாந்தான் பக்கத்துல இருந்து எதையாவது அமுக்கிப்போட்டனா?"

இல்லை, ஃபைல் பெரிது, அவ்வளவும் வந்து சேர்ந்த பிறகுதான் திறக்கும், சித்தப்பாவின் போன் தாங்காது என்றேன். அப்படியானால் ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தீர்கள் என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அந்தப் போனைக் கையில் வைத்திருக்கும் மனிதரை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பதுதான் பதில்.

மறுநாளே எங்கள் டீம் லீடிடம் சொன்னேன். அவள் மண்டியாக்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எங்களுக்குள் கன்னடமும் இங்கிலீஷும்தான். வேகம் போனாலும் பரவாயில்லை, அளவைக் குறைத்துக் கம்பைல் செய்யலாம் என்று ஆரம்பித்தோம். யாருமே பயன்படுத்தாத பழைய பகுதிகளைத் தூக்கினோம். தவறு எந்தப் பகுதியில் என்று கண்டுபிடிக்க வசதியாக உள்ளே விட்டிருந்த பகுதிப் பெயர்களையெல்லாம் நீக்கினோம். ஃபைல் இளைத்தது, ஆனாலும் போதவில்லை. அப்போதுதான் அதை இரண்டாகப் பிரிக்கிற யோசனைக்கு வந்தோம்.

பிரிப்பது இப்படி. ஒரு புரோகிராமுக்குள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வேலைத் துண்டுகள் இருக்கும். அவற்றை ஃபங்ஷன் என்போம். திறந்தவுடன் அவை எல்லாமே தேவைப்படாது. அதனால் முதலில் புரோகிராமை வேவு பார்க்கிற மாதிரி ஒரு தடவை கம்பைல் செய்து, அதைச் சாதாரணமாகப் பயன்படுத்த வேண்டும். எந்தெந்த ஃபங்ஷன் கூப்பிடப்பட்டது என்று அது குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு கருவி, கூப்பிடப்பட்டவற்றை முதல் ஃபைலிலும் மற்றதை இரண்டாவது ஃபைலிலும் வெட்டிப் போடும். முதல் ஃபைல் வந்ததுமே திரை திறந்துவிடும். இரண்டாவதில் இருக்கும் ஒன்று தேவைப்பட்டால், அந்த நேரத்தில் ஓடிப்போய் அதை எடுத்து வரும். லைன் நன்றாக இருந்தால் திறப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

வேவு பார்க்கிற ஓட்டத்தை நான்தான் ஓட்டினேன். என் மேஜையில், என் லேப்டாப்பில், ஆபீஸ் வைஃபையில். திறந்தேன், ஒரு நிலத்தை வரைந்தேன், கிணறு வைத்தேன், குழாய் இழுத்தேன், சேமித்தேன். முதல் ஃபைல் அத்தனை சிறியதாக வந்தது. நம்பாமல் மறுபடியும் வெட்டிப் பார்த்தேன். டீம் லீட் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். வீட்டில் நானே வலியப் போய் அப்பாவிடம் சொன்னேன், இப்போது சித்தப்பாவின் போனிலும் சட்டென்று திறக்கும் என்று.

அதற்குப் பிறகு கொள்ளேகாலில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகளைக் கூட்டி அதைக் காட்ட ஏற்பாடானது. அப்பா தானும் வருவதாகச் சொன்னார். காலையில் தேவராஜ மார்க்கெட்டில் இறங்கி வெற்றிலை, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எனக்கு முன்பே பஸ் பிடித்துப் போய்விட்டார். நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது சித்தப்பாவும் அவரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

டீம் லீட் கன்னடத்தில் பேசினாள். அடுத்து நான் தமிழில் பேசினேன். ஹனூர்க்காரர்களும் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டுத் தமிழ்தான் எனக்கு வரும், அதிலும் 'ஆமாம்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹௌது ஹௌது' என்று கன்னடம் நுழைந்துவிடும். ஆனால் அன்று வாய் தடுமாறவில்லை. உங்கள் போனில் நீங்களே திறந்து பாருங்கள் என்று எல்லாருக்கும் சொன்னேன். யாராவது ஒருவர் மேடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதும் அப்பா சித்தப்பாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

அவர் போனைப் பெரிய திரையில் இணைத்தோம். தொட்டதும் இங்கிலீஷில் திறந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே என்னைக் கையால் காட்டினார்.

சித்தப்பா எல்லைக்கு அந்தப் பக்கம், அந்தியூரில் தாய்மாமன் வீட்டில் தங்கித் தமிழில் படித்தவர். கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்க மெதுவாகத்தான் வரும்; இங்கிலீஷ் வராது. அதனால் எல்லைக் கோட்டைப் பாதி இழுத்ததுமே மேலே இருந்த மொழி அடையாளத்தைத் தொட்டார். 'தமிழ்' என்பதைத் தொட்டார்.

அவ்வளவுதான். எல்லாம் நின்றுபோனது. வரைந்த கோடு பாதியில் அப்படியே நிற்க, வட்டம் சுற்றத் தொடங்கியது.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்தைத் திரையில் வைப்பது எளிது, ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்தால் போதும். தமிழுக்கு அப்படி முடியாது. கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும், சில எழுத்து உருவமே மாற வேண்டும். அதைச் செய்யத் தனியாக ஒரு கூட்டம் ஃபங்ஷன்கள் உள்ளே இருக்கின்றன. வேவு ஓட்டத்தில் நான் இங்கிலீஷை விட்டு நகரவே இல்லை. தமிழை ஒரு முறைகூடத் தொடவில்லை. அதனால் அந்தக் கூட்டம் முழுவதும் தேவையில்லாதவற்றோடு சேர்ந்து இரண்டாவது ஃபைலுக்குப் போய்விட்டது. கருவி தானாக எதையும் முடிவு செய்யவில்லை. என் விரல் எங்கே போகவில்லையோ அதையெல்லாம் வேண்டாதது என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பெரிய ஃபைல் இப்போது வந்து சேர வேண்டும். ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை போனும், நான் சொன்னபடியே, அதே நேரத்தில் அதே பக்கத்தைத் திறந்து லைனை அடைத்துக்கொண்டிருந்தது.

சித்தப்பா போனை நீட்டிப் பிடித்தபடி நின்றார். கூட்டத்தில் சலசலப்பு கேட்க ஆரம்பித்ததும், மைக் இல்லாமலே உரக்கச் சொன்னார்.

"என்ற போனு பழசுங்க. பாப்பா மேல ஒண்ணும் தப்பில்லீங்க."

மைக் என் கையில்தான் இருந்தது. டீம் லீட் அதை வாங்கி, நெட்வொர்க் கொஞ்சம் சரியில்லை என்று கன்னடத்தில் சொல்லி, மேற்கொண்டு படங்களைக் காட்டி ஒப்பேற்றினாள். சித்தப்பா போனைத் துண்டில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அப்பா அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

சாப்பாடு முடிந்து, எங்கள் காரிலேயே வந்துவிடுங்கள் அப்பா என்று கூப்பிட்டேன். "நீங்க ஆபீஸ்காரங்க பேசிக்கிட்டு வாங்க கண்ணு, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

காரில் டீம் லீடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், அப்படியானால் கன்னடத்துக்கும் இதே கதிதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கூட்டத்தைக் கன்னடத்தில் தொடங்கியும் முடித்தும் வைத்தவள் அவள். தானும் ஒரு நாள்கூட அதைக் கன்னடத்தில் திறந்து பார்க்கவில்லை என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதற்கப்புறம் அப்பா யாரிடமும் என் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு நாள் புதிதாகக் குடிவந்தவர் வாசலில் நின்று, பெண் என்ன செய்கிறாள் என்று விசாரித்தார். "ஏதோ கம்ப்யூட்டர்ல வேலைங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் வைத்து நான் திருத்தியபோதுகூட அவர் இப்படிப் பேச்சை மாற்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேவு பார்க்கிற புரோகிராமை ஒரு போனில் ஏற்றிக்கொண்டு ஹனூருக்குப் போனேன். சித்தப்பாவிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். தவறு உங்கள் போனில் இல்லை, நான் தமிழை விட்டுவிட்டுப் பார்த்தேன் என்றேன். அவர் 'செரி செரி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். சித்தி மோர் கொடுத்தாள். மண்டபத்துப் பேச்சை அவர்கள் இருவருமே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. பிறகு மஞ்சள் காட்டு வரப்பில் உட்கார்ந்து, எதையும் சொல்லிக் கொடுக்காமல், அவர் இஷ்டத்துக்கு விட்டேன். எல்லையைத் தப்பாக இழுத்து அழித்தார், மறுபடி இழுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்பதால் எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தார். பக்கத்துக் காட்டுக்காரரும் வந்து வாங்கிப் பார்த்தார். எல்லாம் தமிழில். அதே வாரம் டீம் லீட் தன் ஊரில் தன் அப்பாவிடம் கன்னடத்தில் கொடுத்துப் பதிவு செய்து வந்தாள். எல்லா ஓட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புதிதாகப் பிரித்தோம். முதல் திரை வந்த பிறகு இரண்டாவது ஃபைல் யாரும் கேட்காமலே மெதுவாக வந்து போனிலேயே தங்கிவிடும்படியும் செய்தோம். காட்டில் சிக்னல் இல்லாவிட்டாலும் நிற்காது.

முதல் ஃபைல் முன்பைவிடக் கொஞ்சம் பெருத்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் எங்கள் மேலதிகாரி, குறைத்ததை ஏன் மறுபடி கூட்டினீர்கள் என்று கேட்டார். எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. முன்பு குறைந்தது எங்கள் திறமையால் இல்லை, இங்கிலீஷ் தவிர வேறெதையும் நான் தொடாததால் என்றேன். நான் என்று சொன்ன இடத்தில் டீம் லீட் குறுக்கிட்டு நாங்கள் என்று திருத்தினாள்.

அடுத்த கூட்டம் ஹனூரிலேயே நடந்தது. வருகிறீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். முட்டி வலிக்கிறது என்றார். சித்தப்பா வந்து கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தார். மேடைக்கு ஒரு அம்மா வந்தார். வெங்காயம் போட்டிருக்கிறாராம். போனைத் திறந்ததும் நேராக மொழியைத்தான் தொட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் 'கிணறு' என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் தலையைத் தூக்கினேன். யாரும் கை தட்டவில்லை. மேடும் பள்ளமுமான நிலத்தில் தண்ணீர் சமமாக ஏறுமா என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். கை தட்டாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளம்பரம் வந்ததும் அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"தமிழத் தொட்டுப் பாத்தாங்களா?" என்றார்.

"பாத்தாங்கப்பா. வந்துச்சு."

"தம்பி வந்திருந்தானா?"

"கடேசில உட்கார்ந்திருந்தாருப்பா."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். தோசைக்கு மாவு இருக்கிறது, சட்னிதான் அரைக்க வேண்டும் என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.