வாசலுக்கு வந்த ஜோடி இலிஷ்

அனந்தலக்ஷ்மி கல்கத்தாவில் குடித்தனம் செய்ய வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. பவானிபூரில் தமிழ்க் குமாஸ்தாக்கள் குடியிருந்த சந்து அது. தமிழ்ப் பெண்டுகள் வங்காளிகளைக் கண்டால் மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்துவார்கள். வங்காளிப் பெண்டுகள் இவர்களைப் புளி தின்னிகள் என்பார்கள். இரண்டு பக்கமும் கர்வத்துக்குக் குறைச்சலில்லை. இவள் ஒருத்திதான் அடுத்த வீட்டு வங்காளி நிருபமாவை மாஷி, அதாவது சித்தி, என்று அழைத்து, அவளிடம் உட்கார்ந்து வங்காள எழுத்துக் கற்றாள். 1911-இல் தன் வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டு பாஷையும் படித்தார்கள்.

அது ஸ்ரீனிவாசராகவனின் கண்ணை உறுத்தியது. தமிழர்களுக்குள் அவர் பெரிய மனிதர். ஆபீசில் வெள்ளைக்காரன் முன்னால் கைகட்டி நின்றுவிட்டு, சந்துக்குள் நுழைந்ததும் மார்பை நிமிர்த்துகிற பெரிய மனிதர்.

மறுவருஷம் தை மாதம், வங்காள வழக்கப்படி பள்ளிக்கூடத்தில் நடந்த சரஸ்வதி பூஜையன்று அவருக்குச் சமயம் வாய்த்தது. கிழக்கு வங்காளத்தில் பிறந்த மாஷி, தன் ஊர் வழக்கப்படி, சிந்தூரம் தடவிய இரண்டு இலிஷ் மீன்களைத் தாம்பாளத்தில் ஏந்தி வாசலில் நின்றாள். அவர்களுக்கு அதைவிட மங்கலம் கிடையாது. பூஜைக்கு வந்திருந்த தமிழர்கள் முகம் சுளித்துப் பின்வாங்கினார்கள்.

ஸ்ரீனிவாசராகவன் அனந்தலக்ஷ்மியிடம் பேசவில்லை. தம்மிடம் வேலை பார்க்கும் அவள் கணவனிடம்தான் பேசினார்.

"மஹாதேவா, உன் ஆம்படையா அதைத் தொட்டாள்னா நாளைலேருந்து நம்மவாத்துக் குழந்தைகள் ஒண்ணும் இங்கே வராது."

மஹாதேவன் மனைவியைக் கண்ணாலேயே கெஞ்சினான். மாஷிக்கு அந்தத் தமிழ் நன்றாகவே புரிந்தது. திருப்பி அனுப்பினால் அவளும் வங்காளிப் பெண்களும் இனி இந்தப் படி ஏறமாட்டார்கள். அனந்தலக்ஷ்மி ஜன்மத்தில் மீனைத் தொட்டவளில்லை. ஆனாலும் இரண்டு கைகளாலும் தாம்பாளத்தை வாங்கினாள்.

"எழுத்துச் சொல்லிக்குடுத்தவா கொண்டு வந்திருக்கா. நான் வாங்கிப்பேன்" என்று அவரை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள்.

பூஜை முடிந்து புத்தகங்களை எடுத்த அன்று தமிழ்ப் பெண் ஒருத்திகூட வரவில்லை. மஹாதேவன் தங்கள் மகள் காமுவையும் உள்ளறையில் உட்காரவைத்துவிட்டான். அந்தக் கோழைத்தனத்தை அனந்தலக்ஷ்மி சாகும்வரை மன்னிக்கவில்லை. உள்ளறைக்குக் கேட்கும்படி வங்காளப் பாடத்தைத் தொடங்கினாள். அவன் எழுந்து கதவைச் சாத்தினான். அவள் குரலை உயர்த்தினாள். சற்றுப் பொறுத்து, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து காமு அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.